ஒற்றைக் கடையின் வினைத்திறன்

மகனுக்கு,

அடுத்த மாதம் துபாய்க்குப் புறப்படுவதாகவும், அதற்கு முன் ஒருதரம் நான் கொழும்புக்கு வந்து உன்னை வாழ்த்தி அனுப்ப வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். அதற்கான பதில் இது. இதைத் தபாலில் போடாமல் பத்திரிகைக்குக் கொடுப்பதையிட்டு நீ கோபப்படலாம். கோபப்படு. நான் உனக்குத் தனியாகச் சொன்னவற்றை நீ உன் அலுவலகத்தில் பலர் முன்னிலையில் வைத்தாய். உனக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதை நானும் அதே மரியாதையுடன் கையாளுகிறேன். ஒரு வித்தியாசம் உண்டு. இதில் வருகிற இருவரிடமும் நான் முதலில் கேட்டேன். பெயரை மாற்றச் சொன்னார்கள், மாற்றியிருக்கிறேன். கேட்பது அப்படியொன்றும் சிரமமான காரியமாக இருக்கவில்லை.

நீ என்ன வேலை பார்க்கிறாய் என்று ஊரில் எவராவது விசாரித்தால், நாடெங்கும் கிளைகள் வைத்திருக்கும் ஒரு சுப்பர் மார்க்கெட் நிறுவனத்தில், எந்தக் கிளை திறமாக நடக்கிறது, எது இழுபடுகிறது என்று அளந்து ஒப்பிட்டுச் சொல்வது என் மகனின் வேலை என்பேன். "அப்ப கணக்காளரோ?" என்பார்கள். "இல்லை, அதைவிடக் கொஞ்சம் ஆபத்தான ஆள்" என்பேன். பகிடியாகத்தான் சொன்னேன். சித்திரை வருடப்பிறப்புக்கு நீ வந்திருந்தபோது, சாப்பாட்டு மேசையில் கறிக் கோப்பைகளைக் கடைகளாக வைத்து உன் முறையை எனக்கு விளக்கினாய். கடையின் பரப்பு, ஆட்களின் தொகை, மின்சாரம், கையிருப்பு இவையெல்லாம் உள்ளே போகிறவை. விற்பனையும் வாடிக்கையாளர் தொகையும் வெளியே வருகிறவை. குறைய விட்டுக் கூட எடுக்கும் கடை வினைத்திறன் உள்ள கடை. "எல்லாக் கடையையும் ஒரே கோலால அளக்கிறேல்லை அம்மா," என்றாய். "ஒவ்வொரு கடைக்கும் அதுக்கு ஆகச் சாதகமானது எதுவோ, அதுக்குத்தான் கூட முக்கியம் குடுத்துப் பார்ப்பம். அப்பிடிப் பார்த்தும் அதைப்போல இன்னொரு கடை அதை வெல்லுதெண்டால், பிறகு அந்தக் கடை வாய் திறக்க ஏலாது." பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்து, மாவட்டக் கச்சேரியின் புள்ளிவிபரப் பகுதியில் உத்தியோக காலம் முழுவதையும் கழித்தவள் நான். குற்றம் சாட்டப்பட்டவனுக்கு நல்ல வழக்கறிஞரையும் கொடுத்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லும் அந்த முறை எனக்குப் பிடித்திருந்தது. ஒரேயொரு கேள்விதான் கேட்டேன்: ஒப்பிடுவதற்கு அதைப்போல வேறு கடையே இல்லாவிட்டால்? பருப்புக் கோப்பையைத் தனியே தள்ளி வைத்துவிட்டுச் சிரித்தாய். "அப்ப அது நூற்றுக்கு நூறு. ஒற்றைக் கடை எப்பவும் வகுப்பில முதலாம் பிள்ளைதான்."

அதற்குப் பிறகுதான் உன் ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசி நீளத் தொடங்கியது. முன்பெல்லாம் சாப்பாடு, மருந்து என்ற இரண்டு விசாரணைகளோடு முடிந்துவிடும். இப்போது, இங்கே திருகோணமலையில் இருக்கும் உங்கள் கிளையைப் பற்றி, "கடைக்குப் போனீங்களோ அம்மா? ஆர் கவுன்ரரில நிண்டது? கனநேரம் நிண்டியளோ? கீரை வாடிக் கிடந்ததோ?" என்று கேட்டாய். உன் அப்பா நல்ல மனிதர். ஆனால் நான் கச்சேரியிலிருந்து வந்து சொல்லும் கதைகளைப் பத்திரிகையைத் தாழ்த்தாமலே கேட்டு முடித்தவர். அவருடைய மகன் என் நாளின் அற்பங்களைக் கேட்டதோடு நில்லாமல், இடைமறித்து, "பொறுங்கோ, அந்த மீன் பகுதி ஆள் என்ன செய்தவர் எண்டனீங்கள்?" என்று திரும்பவும் கேட்டபோது, இந்த வயதில் எனக்கு ஒரு செவி கிடைத்துவிட்டது என்று எண்ணிக்கொண்டேன். உனக்குச் சொல்ல ஏதாவது அகப்படாதா என்று பார்த்துக்கொண்டே கடைக்குப் போகத் தொடங்கினேன். ஒன்றும் தேவைப்படாத நாட்களில் நெருப்புப்பெட்டி வாங்கினேன். குசினி அலுமாரியில் அவை இன்னும் அடுக்கிக் கிடக்கின்றன. என் மடமைக்கு அதைவிடக் காய்ந்த சாட்சி கிடையாது.

அந்த மீன் பகுதி ஆளைக் குணம் என்று வைத்துக்கொள்வோம். சாம்பல்தீவுக்காரர். தகப்பன், தமையன், மைத்துனன் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். இவர் மட்டும் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு கண்ணாடிப் பெட்டிக்குள் ஐஸில் கிடக்கும் மீனைக் காவல் காக்கிறார். "இண்டைக்கு ஐஸுக்குள்ளயிருந்து எத்தினை தப்பி ஓடினது?" என்று மைத்துனன் வீட்டில் நாளாந்தம் விசாரிப்பானாம். துறைமுகத்தைச் சுற்றியுள்ள ஊரில், விடியற்காலையில் வள்ளம் கரைக்கு வரும்போதே மீன் வாங்கிப் பழகியவள் எவளும் சுப்பர் மார்க்கெட்டில் மீன் வாங்கமாட்டாள். ஆனாலும் எல்லாக் கிளைக்கும் ஒரே அமைப்பு என்று உங்கள் தலைமையகம் தீர்மானித்ததால், இங்கேயும் ஒரு மீன் பகுதி இருக்கிறது. அங்கே கிடப்பது பெரும்பாலும் இந்தக் கரையில் பிடிபட்டு, லொறியில் கொழும்புக்குப் போய், கழுவப்பட்டு, நிறுக்கப்பட்டு, மறுபடியும் லொறி ஏறித் திரும்பி வருகிற மீன். "அன்ரி, இந்தப் பாரையைப் பாருங்கோ," என்றார் குணம் ஒருநாள். "கொழும்பு முழுக்கச் சுத்திப் பார்த்திட்டு வந்து படுத்துக் கிடக்கு. நான் இன்னும் பாதி வழியில கிடக்கிற தம்புள்ளையையும் தாண்டேல்லை." வெள்ளிக்கிழமைகளில் சைவக்காரர்கள் அந்தப் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை. ஆகவே அந்த மனிதர் தன் வேலையைத் தவிர்ந்த எல்லா வேலைகளையும் செய்வார். அரிசிப் பையை ஓட்டோ வரை தூக்கி வருவார். மூக்குக் கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வரும் கிழங்களுக்குப் பால்மாப் பெட்டியின் காலாவதித் திகதியை வாசித்துச் சொல்வார். அந்தக் கிழங்களில் நானும் ஒருத்தி. இதையெல்லாம் உனக்குச் சொல்லிச் சிரித்தேன். நீயும் சிரித்தாய்.

மற்றவள் காசாளர். தர்சினி. கட்டைபறிச்சானிலிருந்து மூதூருக்கும், அங்கிருந்து கிண்ணியா வழியாக இங்கேயும் பஸ் மாறி வருகிற பெண். மாரியில் பஸ் பிந்தும், அவளும் பிந்துவாள். முகாமையாளர் மற்றப் பெண்ணை வைத்துச் சத்தமில்லாமல் சமாளித்துவிடுவார். மகளைத் தாயோடு விட்டுவிட்டு வருகிறவள், பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் பின்பக்கம் ஓடிப் போய் "வந்திட்டாளோ?" என்று தொலைபேசியில் ஒரு சொல் கேட்டுவிட்டு ஓடி வருவாள். அவளுடைய வரிசைதான் எப்போதும் நீளம். பக்கத்துக் கவுன்ரர் வெறுமையாகக் கிடந்தாலும் சனம் இங்கேதான் வந்து நிற்கும். ஒருநாள் கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு மூதாட்டி, காசு முடிந்த கைலேஞ்சியின் முடிச்சை அவிழ்க்க ஏலாமல் அப்படியே அவளிடம் நீட்டினார்.

"என்ன பிள்ளை, கிழவி எண்டு பார்த்துக் கொஞ்சம் குறைக்க மாட்டியோ?"

"குறைச்சால் என்ர சம்பளத்தில வெட்டுவாங்கள் உம்மா. பிறகு நான் உங்கட வீட்டதான் சோத்துக்கு வரவேணும்."

"வாவன். ஆர் வேண்டாமெண்டது? மகளையும் கூட்டிக்கொண்டு வா."

முடிச்சை அவிழ்த்து, எடுக்க வேண்டியதை எடுத்து, மிச்சத்தைத் திரும்ப முடிந்து அந்த அம்மாவின் கையில் வைத்து, விரல்களையும் மூடிவிட்டாள். அவர்களுக்கு நேர் பின்னால், பேச்சுக் காதில் விழும் தூரத்தில் நின்றது நான் மட்டும்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ, "ஏன் அம்மா அந்த வரிசை மட்டும் நீளம்?" என்று கேட்டபோது, அவளுடைய பஸ், மகள், அந்த மூதாட்டி எல்லாக் கதையையும் சொல்லிவிட்டு, "அதில நிக்க விருப்பம், நிக்குதுகள்," என்றேன். "ஓம் ஓம்" என்றாய். அந்த "ஓம் ஓம்" என்பதற்கு இடையில் எழுதுகோல் ஓடியதோ, விசைப்பலகை தட்டுப்பட்டதோ, என் காதுக்கு எட்டவில்லை.

பிறகு ஒரு புதன்கிழமை. கடைக்குள் நுழைந்தேன். குணம் என்னைக் கண்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். தர்சினியின் வரிசையில் நின்று என் முறை வந்தபோது, அவளும் முகத்தைப் பார்க்காமல் சாமான்களை இழுத்தாள். சுகமில்லையா என்று கேட்டேன்.

"கொழும்பிலயிருந்து ஒரு பெரியவர் வந்தவர், அன்ரி. எல்லாரையும் கூப்பிட்டு வைச்சுக் கதைச்சவர். மற்றக் கடையளோட பார்க்க எங்கட கடை வினைத்திறன் காணாதாம். மீன் பகுதியை மூடீனம். குணமண்ணைக்கு இந்த மாதக் கடைசியோட வேலையில்லை. எனக்குக் குருநாகலுக்கு மாற்றம். போக ஏலாதெண்டால் விலகட்டாம்."

குருநாகல் என்றால் மகளை வாரத்துக்கு ஒருமுறைகூடப் பார்க்க முடியாது என்பதை அவள் சொல்லவில்லை. நான்தான் மனத்துக்குள் கணக்கிட்டேன். முகாமையாளரிடம் பேசிப் பார்க்கட்டுமா என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் தடுத்தாள்.

"அதில்லை அன்ரி. குணமண்ணை ஓட்டோவுக்குச் சாமான் தூக்கிறது, மழை நாளில என்ர பஸ் பிந்திறது, நான் பின்னுக்குப் போய்ப் பிள்ளைக்குக் கோல் எடுக்கிறது, எல்லாம் அந்தப் பெரியவருக்குத் தெரியும். உம்மாவோட நான் சோத்துக்கு வாறன் எண்டு பகிடி விட்டதும் தெரியும். வேலை நேரத்தில வாடிக்கையாளரோட வீண் கதையாம். அண்டைக்கு உம்மாவுக்குப் பின்னால நிண்டது ஆர் எண்டு யோசிச்சன். உங்கட மகன் எங்கட தலைமையகத்தில எண்டு நீங்களே சொன்னனீங்கள்."

சொன்னேன்தான். எப்படிப்பட்ட பெருமையோடு சொன்னேன் என்பதும் நினைவிருக்கிறது. "எனக்குத் தெரியாது பிள்ளை," என்றேன். அறிவுள்ளவர்கள் என்னைப் பற்றிச் சொல்லும் நல்ல வார்த்தைகளில் ஒன்று, எனக்குத் தெரியாதது குறைவு என்பது.

"நீங்கள் தெரிஞ்சு சொல்லியிருக்க மாட்டீங்கள்," என்றாள். மிச்சக் காசை எண்ணி வைத்தபடி, "ஆனால் சொன்னது நீங்கள்தானே?" என்றாள்.

குரலை உயர்த்தவில்லை. என் பையைக் கட்டித் தந்தாள். வழக்கம்போலக் கனமானவற்றை அடியிலும் நசியக்கூடியவற்றை மேலேயும் வைத்திருந்தாள். அதை நான் வீட்டுக்கு வந்து பையைத் திறந்தபோதுதான் கண்டேன்.

நான் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கவில்லை என்பது உனக்கு நினைவிருக்கும். நீ பதறவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அதைத்தான் என்னால் இன்னும் தாண்டிப் போக முடியவில்லை. பொய் சொல்லியிருந்தால், வெட்கம் என்று ஒன்று மிச்சமிருக்கிறது என்று எடுத்துக்கொண்டிருப்பேன். "அம்மா, கடை பின்தங்கினதெண்டு இலக்கம் முதலே சொல்லிப்போட்டுது. ஏன் எண்டு விளங்கப்படுத்தத்தான் உங்கட கதையள் உதவினது," என்றாய். "உங்களைப்போல வடிவாய்ப் பார்த்துச் சொல்ல எனக்கு ஆரும் கிடைக்கமாட்டினம். அதைப் பாராட்டா எடுங்கோ." நான் பாராட்டை ஒரு பக்கத்தில் வைத்துவிட்டு, இந்தக் கிளையை வென்றது எந்தக் கிளை என்று கேட்டேன். ஒரு மலையகப் பட்டணத்தின் பெயரைச் சொன்னாய். ஒரே பரப்பு, ஏறத்தாழ ஒரே அளவு ஆட்கள், ஒரே அமைப்பு என்றாய். அந்த ஊரில் கடல்மீன் என்பது உங்கள் ஐஸ் பெட்டியில் வந்தால்தான் உண்டு. சனம் அடித்துப் பிடித்து வாங்கும். "கடல் இல்லாத ஊரோடயா எங்கட மீன் பகுதியை ஒப்பிட்டனீ?" என்று கேட்டேன். "கடல் எங்கட தரவில இல்லை அம்மா," என்றாய். இந்த வாக்கியத்தை நீ துபாயிலும் சொல்லக்கூடும். அங்கேயும் ஏதாவது கடல் இருக்கும்.

திருத்தும்படி கேட்டேன். மீன் பகுதியை மூடு, அதைத் திறந்ததே மடமை. ஆனால் அதன் பரப்பையும் ஆளையும் கழித்துவிட்டுக் கடையை மறுபடி அளந்து பார் என்றேன். "முடிவெடுத்தாச்சு. இப்ப நானே பிழை எண்டால் முழு வேலையையும் சந்தேகப்படுவினம். துபாய்க்காரருக்கும் இதைத்தான் காட்டினனான்," என்றாய். அப்போது எனக்கு முழுவதும் விளங்கிற்று. உன் புதிய உத்தியோகத்துக்கு நானும் குணமும் தர்சினியும் சேர்ந்து எழுதிக் கொடுத்த சிபாரிசு அது. எங்களிடம் கையொப்பம் வாங்கத்தான் மறந்துவிட்டாய்.

நீ என்னிடம் அளவீடு படித்தவன் என்று எல்லோரிடமும் சொல்லுவாய். ஆகவே நீ எதைப் படித்தாய் என்பதை ஒருதரம் பார்ப்போம். சம்பூர்ப் பக்கத்துச் சனம் யுத்தத்தில் இடம்பெயர்ந்து கொட்டில்களில் இருந்த காலத்தில், குடும்ப விபரம் எடுக்க என்னை அனுப்பினார்கள். சின்னப் பையனான உன்னை வீட்டில் தனியே விட முடியாத நிலைமை. உன்னையும் கூட்டிப் போனேன். முதல் கொட்டிலில் இருந்த மனிதர் பாயை விரித்துவிட்டு, ஆனால் தான் உட்காராமல், "எதுக்குப் பிள்ளை எண்ணுறியள்? போன கிழமையும் எண்ணினவை," என்று கேட்டார். எனக்கு வேலை குவிந்து கிடந்தது. என்றாலும் இருந்து, இது எந்த நிவாரணத்துக்கான விபரம், எந்த அலுவலகத்துக்குப் போகும், யார் பார்ப்பார்கள், இதனால் ஒன்றும் கிடைக்காமலும் போகலாம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியாகச் சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிட்டுத்தான் அவர் உட்கார்ந்தார். திரும்பி வரும் வழியில் நீ, "அவர் கேக்காட்டிச் சொல்லியிருப்பியளோ அம்மா?" என்று கேட்டாய். "கேளாதவருக்குத்தான் முதல் சொல்ல வேணும்," என்றேன். நான் உனக்குக் கற்பித்த அளவீடு அவ்வளவுதான். மிச்சம் கூட்டல் கழித்தல். அதை எவரிடமும் படித்திருக்கலாம்.

அளப்பதை விட்டுவிடு என்று நான் எழுதுவதாக இதைப் படிக்கும் எவரும் நினைக்க வேண்டாம். அளந்துதான் நானும் சம்பளம் வாங்கினேன். பாசத்தின் பேரில் ஒரு கடையை இழுபட விடுவதும் எனக்குப் பிடிக்காது. அந்தக் கடையில் தயிர்ச் சட்டிகள் காலம் கடந்து கிடந்ததுண்டு. பக்கத்துக் கவுன்ரரில் இருக்கும் பெண் உண்மையிலேயே மந்தம். குளிரூட்டி வேலை செய்யாத நாட்களே அதிகம். இவற்றையும் நான் உனக்குச் சொன்னேன். அவை உன் அறிக்கையில் இடம்பெற்றனவா என்று தெரியாது. நான் அறிந்தது, குணம் தூக்கிய பைகள் எதுவும் கடையின் பக்கத்துக்குச் சேர்க்கப்படவில்லை, அவர் தன் இடத்தில் நிற்காதது மட்டும் சேர்க்கப்பட்டது என்பதே. தர்சினியின் வரிசை நீளம் என்பதை மெத்தனம் என்று வாசித்தாய். விருப்பத்துக்கும் தாமதத்துக்கும் தோற்றம் ஒன்று என்பதைக் கண்டறிய ஒருநாள் இங்கே வந்து நின்றிருந்தால் போதும். நீ வந்து நிற்கவில்லை, என்னை நிறுத்தினாய். போகிற இடத்தில் எத்தனையோ கடைகளை அளக்கப்போகிறாய். எவரிடம் எதைக் கேட்டாலும், அந்தப் பதில் எங்கே போகப்போகிறது என்பதையும் அதே மூச்சில் சொல். சொன்னால் அவர்கள் கதைக்க மாட்டார்கள் என்று உனக்குத் தோன்றுகிறதா? அப்படியானால் அது உனக்குரிய கதையல்ல.

இனி, நீ கேட்ட வாழ்த்து. நான் கொழும்புக்கு வரமாட்டேன். உன்னையும் உன் முறையிலேயே அளந்து பார்த்தேன். உனக்கு ஆகச் சாதகமானவற்றுக்கே கூடிய முக்கியத்துவம் கொடுத்தேன். அதை ஒரு தாய்க்கு எவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அப்பாவின் கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரித் தரையில் துவாயை விரித்துப் படுத்துக் கிடந்தாய். என் கண் சத்திரசிகிச்சையின்போது, நான் திட்டத் திட்டக் கையைப் பிடித்து நடத்தினாய். ஒரு மாதமும் தவறாமல் பணம் அனுப்பினாய். எல்லாவற்றையும் போட்டேன். முடிவு நூற்றுக்கு நூறு வந்தது. மகிழ்ச்சியடையாதே. எனக்கு இருப்பது நீ ஒருவன்தான். ஒப்பிட வேறு பிள்ளை இல்லை. நீ பிறந்த நாளிலிருந்து நான் உனக்குக் கொடுத்து வந்த புள்ளி அந்தப் பருப்புக் கோப்பையின் புள்ளி. அதை உன் தரம் என்று நம்பியது என் பிழை, உன் பிழையல்ல.

ஆகவே ஒரேயொரு காரியம் கேட்கிறேன். அவர்களுடைய வேலையை மீட்டுத்தா என்று கேட்கவில்லை. கேட்டாகிவிட்டது, நீ மறுத்தாயிற்று. திருகோணமலைக்கு வா. வீட்டுக்கு வருமுன் அந்தக் கடைக்குப் போ. நீதான் கேட்டாய் என்பதையும், எதற்குக் கேட்கிறாய் என்று எனக்குச் சொல்லவில்லை என்பதையும் தர்சினியிடம் உன் வாயால் சொல். நான் சொன்னால் அவள் மரியாதைக்குத் தலையாட்டுவாள், நம்பமாட்டாள். நம்பாமல் இருக்க அவளுக்கு உரிமை இருக்கிறது. இந்த ஊரில் மிஞ்சிய காலத்தை நான் அவளைப் போன்றவர்களின் முகத்தில் விழித்துத்தான் கழிக்க வேண்டும். நீ துபாயில் இருப்பாய். அதைச் செய்துவிட்டு வந்தால் வாழ்த்துகிறேன். தேத்தண்ணீரும் தருவேன், நெருப்புப்பெட்டிக்குக் குறைவில்லை.

மாத முடிவுவரை அவள் அங்கே இருப்பாள். வாசலால் போனதும் இடப்பக்கம், முதலாவது கவுன்ரர். வரிசை நீளமாக இருக்கும். நில்.

அம்மா